வந்த காரணம்

தூதரின் சட்டைகளைத் தேய்ப்பது நான்தான். ஹோட்டலின் சலவையறையில் எனக்கு இரவு வேலை. அவர் ரங்கூனுக்கு வந்தது அது ஏழாவது முறை. ஒவ்வொரு முறையும் நான்கு வெள்ளைச் சட்டைகள். நான்காவது சட்டை ‘அவசரம்’ என்ற சிவப்பு அட்டையோடு கீழே வந்தால், மறுநாள் விமானம் ஏறுகிறார் என்று அர்த்தம். ராணுவத்தையும், ராணுவம் சிறையில் போட்டவர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதுதான் அவரை வெளிநாடுகள் அனுப்பிய வேலை. தேசிய நல்லிணக்கம் என்று அதற்குப் பெயர். ஏழு முறை வந்தும் அந்த மேஜையை யாரும் பார்க்கவில்லை. சட்டைகளில் ஒரு கறையும் இருந்ததில்லை.

என் அண்ணன் லுவின் பாய்ங் உள்ளே போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. நூறு துண்டறிக்கைகளுக்குப் பதினான்கு வருஷம். அவன் போன அதே வருஷம் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. திரும்பத் திறந்தபோது அதை ஊருக்கு வெளியே வயல்காட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள், மாணவர்கள் நகரத்துக்குள் கூடிவிடாமல் இருக்க. நான் போகவில்லை. யாரும் வருந்தவும் இல்லை.

திங்கட்கிழமை காலை கேப்டன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உளவுத்துறை ஆள். சீருடை கிடையாது. கட்டம் போட்ட லுங்கி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அம்மா அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிறைக்கு எடுத்துப்போகும் பொட்டலத்துக்காக.

“அம்மா, நல்ல சேதி. பெரியவன் வீட்டுக்கு வரப் போறான்” என்றார் கேப்டன்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “எப்போ?”

“புதன்கிழமை. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதைப் போட மாட்டேங்கிறான். நீங்க சொன்னா கேப்பான். தாய் சொல்லைத் தட்டற பிள்ளையா அவன்?”

“தட்டாத பிள்ளையா இருந்திருந்தா நீங்க எதுக்கு இங்க வரப் போறீங்க?”

கேப்டன் சிரித்தார். எந்தப் பதிலுக்கும் சிரிக்கும் பயிற்சி அவருக்கு இருந்தது. எங்கள் இருவரையும் அவருடைய வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். சிறைக்கு நாங்கள் பஸ் மாறாமல் போனது அன்றுதான்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போட்டால் மீதித் தண்டனையை ரத்து செய்ய மாட்டார்கள், நிறுத்தி வைப்பார்கள். பிறகு எதற்காவது பிடித்தால், அது டீக்கடைச் சண்டையாக இருந்தாலும், அந்த ஆறு வருஷத்தையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும். ‘நான் செய்தது தவறு, அதை ஒத்துக்கொண்டு அரசின் கருணையைக் கேட்கிறேன்’ என்று மேலே ஒரு வரியும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்பும் அண்ணனிடம் இதே தாளை நீட்டியிருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

வழக்கமான கம்பிவலைக் கூண்டு இல்லை, அதிகாரியின் அறை. மேஜைமேல் புது விரிப்பு, கடையில் மடித்த மடிப்புகூட நீங்காமல். அண்ணனைக் கூட்டி வந்தார்கள். வந்ததும் தரையில் குந்தி, கைகளை முழங்காலில் வைத்துத் தலையைக் குனிந்தான். அதிகாரி முன்னால் கைதி இருக்க வேண்டிய முறை அது.

“நாற்காலில உக்காருப்பா, நாற்காலில” என்று கேப்டன் பதறினார்.

“பழகிப் போச்சு ஸார்” என்று சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

“சாப்பிட்டியா?” என்றாள் அம்மா.

“சாப்பிட்டேம்மா. நேத்துலேர்ந்து சோத்துல முட்டை இருக்கு. தூதர் வந்திருக்காரா?”

கேப்டன் மறுபடி சிரித்தார். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

“இவங்க ஏதோ காகிதத்துல கையெழுத்துக் கேக்கறாங்களாமே.”

“ஆமாம்மா.”

“போடச் சொல்லி என்னைச் சொல்லச் சொன்னாங்க.” கேப்டன் பக்கம் திரும்பினாள். “சொல்லிட்டேன் ஸார்.”

“போட மாட்டேம்மா” என்றான் அண்ணன்.

“சரி. பூண்டு ஊறுகா வெச்சிருக்கேன். மத்தவங்களுக்கும் குடு.”

பேச்சு அவ்வளவுதான். வெளி வராந்தாவில் கேப்டன் என் தோளில் கை போட்டார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “அஞ்சு பேர்னு தூதர்கிட்டச் சொல்லியாச்சு, தம்பி. நாலு பேர் போட்டுட்டாங்க. உங்க அண்ணன் ஒருத்தனால நாடே நிக்குது.”

நாடு அதற்கு முன் எங்கே ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் கை என் தோளில் இருந்தது.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் சந்துமுனையில் ஒரு லாரி நின்றது. இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த என்னைப் பக்கத்து வீட்டுக்காரி கத்திக் கூப்பிட்டாள். நான் ஓடிப்போனபோது அண்ணன் ரோட்டில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். லாரி போய்விட்டது.

“அண்ணே, கையெழுத்து…?”

“போடலடா. போடலேன்னா வெளிய விட மாட்டோம்னு காலைல வரைக்கும் சொன்னாங்க. சரின்னேன். பத்து மணிக்கு வந்து, போடலேன்னாலும் பரவாயில்ல, வெளிய போன்னாங்க. போக மாட்டேன், இது என்னன்னு எழுதிக் குடுங்கன்னேன். நாலு பேர் கையெழுத்துப் போட்டாங்கல்ல? என்னை நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க.” சிரித்தான். கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை. “சிறையிலேர்ந்து ஒருத்தனைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளினது இந்த நாட்டுலதான்டா நடக்கும். ஒரு செருப்பு லாரிலயே போயிருச்சு.”

அம்மா அழவில்லை. வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தாள். என்னைக் கடைக்கு அனுப்பி முட்டை வாங்கி வரச் சொன்னாள். பிறகு, “வேண்டாம், முட்டை வேண்டாம். இறால் வாங்கிட்டு வா” என்றாள்.

மூன்று மணிக்குத் தூதரின் உதவியாளர் வந்தார். பெயர் மார்ட்டா. முப்பத்தைந்து வயது இருக்கும். ஹோட்டலில் நான்காம் மாடி. அவருடைய பருத்தி ஆடைகளும் என் கைக்கு வரும். கூடவே அரசு கொடுத்த மொழிபெயர்ப்பாளரும் அரசுப் பத்திரிகைப் படக்காரரும் வந்தார்கள். வெள்ளைக் கார் சந்துக்குள் நுழையவில்லை. சாக்கடைமேல் போட்ட பலகையில் நடந்து வந்தார்.

யார் வந்தாலும் ஊறவைத்த தேயிலை வைப்பது எங்கள் வழக்கம். எள், வறுத்த பூண்டு, காய்ந்த இறால், நடுவில் தேயிலை. அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். படக்காரர் அவளைத் தட்டை மறுபடி கையில் எடுக்கச் சொன்னார். மார்ட்டாவிடம் நீட்டுவதுபோல. அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும். தேயிலை வெறும் பலகாரம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். எங்களிடையே வழக்கு தீர்ந்தால் இரண்டு தரப்பும் ஒரே தட்டிலிருந்து தேயிலை எடுத்து வாயில் போட வேண்டும். போட்டால் தீர்ந்தது. அதன் பிறகு அதைப் பற்றிப் பேசக் கூடாது.

“அஞ்சு பேரை விட்டிருக்காங்க. இன்னும் எத்தனை பேர் உள்ள இருக்காங்கன்னு இவங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க” என்றான் அண்ணன்.

“வெளியே வந்ததில் மகிழ்ச்சி என்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார் மொழிபெயர்ப்பாளர்.

ஹோட்டலில் ஐந்து வருஷம் இருந்தால் அந்த அளவு ஆங்கிலம் யாருக்கும் வந்துவிடும். “அவர் அதைச் சொல்லல” என்றேன் நான் ஆங்கிலத்திலேயே. மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். மார்ட்டா நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணன் கேட்டதை நான் சரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“தெரியும்” என்றார் மார்ட்டா. குரல் தாழ்ந்திருந்தது. “ஆயிரத்துக்கு மேல. ஒரேயடியா நடக்காது. சின்னச் சின்ன அடியாத்தான் போகணும். இன்னிக்கு நீங்க வந்தது ஒரு அடி.”

“நான் அடி எடுத்து வைக்கலம்மா. தூக்கிப் போட்டாங்க” என்றான் அண்ணன். இதையும் நானே சொன்னேன். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். எழுதியது அதுதானா என்று தெரியாது.

கிளம்பும்போது தன் பெயர் அச்சிட்ட அட்டையை என்னிடம் கொடுத்தார். “தூதர் ஊரில இருக்கறவரைக்கும் உங்க அண்ணனை யாரும் தொட மாட்டாங்க. எங்களுக்கு வாக்குக் குடுத்திருக்காங்க. ஏதாவதுன்னா என்கிட்ட வாங்க.”

அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்தேன். நல்ல கனமான அட்டை. அதை நான் நம்பினேன். வேறு யாரையும் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளைக் கார் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. வார்டுத் தலைவர் ஊ டின் பெ வாசலில் வந்து இருமினார். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். வாயில் எப்போதும் வெற்றிலை. இருமினால் பிரச்சினை என்று எங்கள் சந்துக்கே தெரியும்.

“அக்கா, லுவின் பாய்ங் வந்துட்டானாமே, சந்தோஷம்.” கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “ராத்திரி இங்கதானே தங்கறான்?”

“வேற எங்க தங்குவான்?”

“அதான். ஆறு மணிக்குள்ள விருந்தாளி எழுதிரணும்.”

“என்ன விருந்தாளி?”

“வீட்டுப் பட்டியல்ல அவன் பேர் இல்லையே அக்கா. அவன் உள்ள போன வருஷமே சிவப்புக் கோடு போட்டாச்சு. பட்டியல்ல இல்லாத ஆள் ராத்திரி தங்கினா விருந்தாளி. சட்டம் எனக்கும் ஒண்ணுதான், உங்களுக்கும் ஒண்ணுதான். என் மகளே புருஷன் வீட்டுலேர்ந்து வந்தா எழுதிட்டுத்தான் படுக்க வைக்கறேன்.”

“அப்போ கோட்டை அழிச்சுப் பேரைத் திரும்ப எழுதுங்க.”

“அதுக்கு அடையாள அட்டை வேணும். அட்டையைச் சிறையில வாங்கி வெச்சுட்டாங்க. மனு போட்டா ரெண்டு மாசத்துல வரும். அதுவரைக்கும் தினமும் எழுதிட்டா போதும். ஒரு படிவம், அவ்வளவுதானே?”

அம்மா எழுந்து நின்றாள். அவள் குள்ளம். ஆனாலும் ஊ டின் பெ ஒரு படி கீழே இறங்கினார்.

“இந்த வீட்டுல, இதோ இந்த மூலையில, இவனைப் பெத்தேன். மருத்துவச்சி யாருன்னும் உங்களுக்குத் தெரியும், உங்க சித்தி. இவன் எனக்கு விருந்தாளியா? எழுத மாட்டேன். உங்க படிவத்தை நீங்களே வெச்சுக்குங்க.”

“அம்மா, எழுதிட்டாப் போச்சு” என்றான் அண்ணன். அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. “நான் விருந்தாளின்னா இறாலை இன்னும் ஒரு கரண்டி போடுவேல்ல?”

“நீ பேசாத. உன் காகிதத்துல நீ கையெழுத்துப் போட மாட்டே. என் காகிதத்துல மட்டும் நான் போடணுமா?”

ஊ டின் பெ என்னைப் பார்த்தார். “வேலைக்குப் போற வழிதானே தம்பி. எட்டிப் பாத்துட்டுப் போ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தே முக்காலுக்கு வார்டு ஆபீசுக்குப் போனேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒற்றை அறை. படிவத்தை என் கையில் கொடுத்தார். விருந்தாளியின் பெயர். அடையாள அட்டை எண். எங்கிருந்து வருகிறார். வீட்டுக்காரருக்கு என்ன உறவு. எத்தனை இரவு. வந்த காரணம்.

பெயரை எழுதினேன். உறவு: மகன். ‘எங்கிருந்து வருகிறார்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் பொய். எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். ஆறு மணி நேரம் முன்பு இவனைச் சாக்கு மூட்டைபோல ரோட்டில் போட்டவர்களுக்கே எங்கிருந்து வருகிறான் என்று நான் எழுதித் தர வேண்டும். சட்டைப் பையில் அந்த அட்டை வேறு இருந்தது. தூதர் ஊரில் இருக்கும்போது என்ன செய்துவிடுவார்கள்? படிவத்தைப் பாதியாக மடித்து மேஜையில் வைத்தேன்.

“தம்பி, வேண்டாம்” என்றார் ஊ டின் பெ. மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காது கேட்டது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அன்றிரவு நான்காவது சட்டை சிவப்பு அட்டையோடு கீழே வந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் அரசுப் பத்திரிகையைப் பிரித்தார். முதல் பக்கத்தில் அம்மா. தேயிலைத் தட்டை நீட்டியபடி, அவளே சிரிப்பதுபோலத் தெரிந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘தேசிய நல்லிணக்கத்தில் மேலும் ஒரு அடி’. கீழே, விடுதலையான ஐவருள் ஒருவரின் தாயார் அரசுக்கு நன்றி தெரிவித்தார் என்று இருந்தது. நன்றி என்ற சொல்லை அம்மா அன்று இறால் வாங்கி வந்த என்னிடம்கூடச் சொல்லவில்லை.

வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தான். தரையில் குந்தி, கைகளை முழங்காலில் வைத்துத் தலை குனிந்து.

“அம்மா எங்கண்ணே?”

“ராத்திரி ஒன்றரை மணிக்குச் சோதனைன்னு வந்தாங்க. நான் சட்டையை மாட்டிட்டு வெளிய வந்து நின்னேன். என்னைத் தொடக்கூட இல்லடா. ‘உங்க மேல ஒண்ணும் இல்ல, நீங்க விருந்தாளி’ன்னாங்க. விருந்தாளியை எழுதாதது வீட்டுக்காரங்க குத்தமாம். பட்டியல்ல வீட்டுக்காரர் அம்மாதானே, டோ கின் ஞோன்னு. அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

ஒன்றரை மணிக்கு நான் தூதருடைய சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். கேப்டன் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் அந்தத் தாள். அதன் பக்கத்தில் மூடியிட்ட அரக்குப் பெட்டி ஒன்று.

“எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. இது வார்டு விஷயம். ஏழு நாள் உள்ள இருக்கணும். அறுபத்தொரு வயசு, சர்க்கரை வியாதி வேற. தரையில உக்கார வெச்சிருக்காங்களாம், எனக்கே மனசு கேக்கல.” தாளை அண்ணன் பக்கம் ஒரு விரலால் நகர்த்தினார். “ஸ்டேஷன்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கலாம்.”

“நேத்து இது இல்லாமத்தானே வெளிய தள்ளினீங்க?” என்றேன்.

“நேத்து ஆள் வேணும். இன்னிக்குக் காகிதம் வேணும். தூதர் மத்தியானம் கிளம்பறாரு, கோப்பு முழுசா இருக்கணும்ல?” இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். மிரட்டவே இல்லை. மிரட்டியிருந்தால் நான் அவரை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

அண்ணன் தாளைப் படிக்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டான். எட்டு வருஷம் அடியிலும் பட்டினியிலும் வராத கையெழுத்து நான்கு நொடியில் வந்தது. கேப்டன் அரக்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தேயிலை, எள், பூண்டு, எல்லாம் தனித்தனிக் கட்டங்களில். தானே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பெட்டியை எங்கள் பக்கம் திருப்பினார்.

“எடுத்துக்குங்க. முடிஞ்சது, எல்லாம் முடிஞ்சது.”

அண்ணன் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தான். பெட்டியைப் பார்க்கவில்லை. “அம்மாவை வரச் சொல்லுங்க” என்றான்.

பத்து மணிக்கு அம்மா வந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. வீடு வரைக்கும் யார் கையையும் பிடிக்காமல் நடந்தாள். வந்ததும் குளித்தாள், சோறு வைத்தாள். அதன் பிறகுதான் கேட்டாள்.

“போட்டியா?”

“போட்டேன்.”

“எதுக்கு?”

“நீ உள்ள இருந்தேம்மா.”

“ஏழு நாள்னு சொன்னாங்க. நான் இருக்க மாட்டேனா? நீ எட்டு வருஷம் இருந்தே. நான் ஏழு நாள் இருக்க மாட்டேனா?” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. “மழையில, வெயில்ல, ரெண்டு பஸ் மாறி, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கருவாடு பொரிச்சுத் தூக்கிட்டு வந்தேனே. இதுல கையெழுத்துப் போடறதுக்காடா?”

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தவறு என்னுடையது, நான்தான் படிவத்தை மடித்து வைத்தேன் என்று சொன்னேன். அம்மா காதில் வாங்கவில்லை. எழுத மாட்டேன் என்று சொன்னது அவள். அந்தத் தவறில் எனக்குப் பங்கு தர அவள் தயாராக இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “தேயிலை வெச்சாங்களா?” என்றாள்.

“வெச்சாங்க.”

“தின்னியா?”

“இல்ல.”

அம்மா அவன் தட்டில் முந்தைய நாள் இறாலைப் போட்டாள்.

நான் ஹோட்டலுக்குப் போனேன். பகலில் முன்வாசல் வழியாக நான் அங்கே நுழைந்ததே இல்லை. காவலாளி என் முகத்தைப் பார்த்து வழிவிட்டான். கீழ்க்கூடத்தில் பெட்டிகள் வரிசையாக நின்றன. மார்ட்டா கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அட்டையை நீட்டினேன்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் நடுவில் நிறுத்தவில்லை. முடிந்ததும், “அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்கல்ல?” என்றார்.

“வந்துட்டாங்க. அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டார்.”

“தெரியும். காலைல தகவல் குடுத்தாங்க. அஞ்சு பேரும் உறுதிமொழி குடுத்ததா அறிக்கையில சேத்தாச்சு.”

“எப்படி வாங்கினாங்கன்னு சேத்தீங்களா?”

அவர் ஒரு கோப்பைப் பெட்டிக்குள் வைத்தார்.

“தூதர் இருக்கறவரைக்கும் தொட மாட்டாங்கன்னீங்க.”

“அவரைத் தொடலையே” என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கண்களைத் தேய்த்துக்கொண்டார். “விருந்தாளிச் சட்டம் உள்ளூர் நிர்வாகம். அரசியல் கைதிகள் பட்டியல்ல உங்க அம்மாவை எங்கே எழுத? எழுதினாலும், அதை வெளிய சொன்னா எட்டாவது தடவை எங்களுக்கு விசா குடுக்க மாட்டாங்க.”

“எட்டாவது தடவை வந்து என்ன செய்வீங்க?”

“பேசுவோம்.”

தூதர் மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தார். உயரமான மனிதர், நல்ல முகம். நான் தேய்த்த சட்டை. ஒரு சுருக்கம் இல்லை. யாரையும் ஏமாற்றுகிற மனிதராகத் தெரியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியே காருக்குப் பக்கத்தில் கேப்டன் நின்று கதவைத் திறந்துவிட்டார். இப்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு வார்டு ஆபீஸ். ஊ டின் பெ என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், எதற்கென்று அவருக்கே தெரியாமல். “தம்பி, நான் தகவல் குடுக்கல. கேட்டாங்க, புத்தகத்தைக் காட்டினேன். புத்தகத்துல பேர் இல்ல.”

“படிவம் குடுங்க.”

கொடுத்தார். எழுதினேன். விருந்தாளியின் பெயர்: லுவின் பாய்ங். அடையாள அட்டை எண்: உங்களிடம் உள்ளது. எங்கிருந்து வருகிறார்: சிறை. வீட்டுக்காரருக்கு என்ன உறவு: மகன். எத்தனை இரவு: ஒன்று. கடைசிக் கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாக. கடைசி வரிக்கு வந்ததும் வெற்றிலை மெல்வது நின்றது.

“வந்த காரணம்… தேசிய நல்லிணக்கம்.” கண்ணாடியைக் கழற்றினார். “டேய், இதை மேல டவுன்ஷிப் ஆபீசுக்கு அனுப்பணும்டா.”

“அனுப்புங்க.”

“விளையாடாத. அம்மா வீடுன்னு எழுது. உடம்பு சரியில்லன்னு எழுது. இது தப்பான காரணம்.”

அவர் மேஜைமேலேயே காலைப் பத்திரிகை கிடந்தது. அம்மாவின் படத்தின்மேல் டீக் குவளை வைத்த வட்டம். குவளையை நகர்த்தித் தலைப்பைக் காட்டினேன்.

“தப்புன்னா இதுவும் தப்பு. எது தப்புன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் மாத்தறேன்.”

ஊ டின் பெ கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பத்திரிகையை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு முத்திரையை மையில் அழுத்தி, படிவத்தின்மேல் ஓங்கிக் குத்தினார்.

“நாளைக்கும் வரணும். ஆறு மணிக்குள்ள.”

“வருவேன். நாளைக்கும் இதே காரணம்தான்.”